மூன்று தடவை

புளிப்பு இன்னும் நாக்கின் அடியில் கிடக்கிறது. காலையில் மென்றது, இப்போது மணி மூன்றாகப் போகிறது, நடுவில் பூரியும் உருளைக்கிழங்கும் தின்று இரண்டு தடவை டீயும் குடித்தாயிற்று, ஆனாலும் அந்தப் புளியிலை போவேனா என்கிறது. அக்பர் சபையில் பாடினவராம் தான்சேன், அவருடைய சமாதி இந்த குவாலியர் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பக்கத்தில் ஒரு புளியமரம், அதன் இலையை மென்றால் குரல் நன்றாக வரும் என்று பாட்டுக்காரர்களெல்லாம் வந்து மெல்லுகிறார்களாம். பழைய மரத்தை இப்படியே மென்று தீர்த்துவிட்டார்கள், இது அதற்குப் பதிலாக வளர்ந்தது என்று காவல்காரன் இந்தியில் சொன்னான், காந்திமதி எனக்குத் தமிழில் சொன்னாள். எங்கள் கோர்ட்டில் பெரிய வக்கீல் வராத நாளில் ஜூனியர் எழுந்து நிற்பாரே, அதுமாதிரி ஒரு மரம். ஜூனியருக்கும் சக்தி உண்டா என்று கேட்கத் தோன்றியது, கேட்க முடியாது, சட்டைப்பையில் நோட்டும் பேனாவும் இருக்கிறது, எழுதிக் கேட்கலாம், அதற்குள் அவள் எம்பி ஒரு கிளையை வளைத்து நாலு இலைக்கொத்தைக் கிள்ளி, "வாயத் தொறங்கப்பா" என்றாள். திறந்தேன். ஐம்பத்தெட்டு வயது மனிதன், ரோட்டோரத்தில், மகளுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு. அவள் குழந்தையாக இருந்தபோது நான் அவளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊட்டியிருப்பேன், எல்லா அப்பாவும் ஊட்டியிருப்பார்கள், ஆனால் ஞாபகம் இல்லை. பல் கூசியது, கண் சுருங்கியது, அவள் சிரித்தாள். "மெல்லுங்க, துப்பிராதீங்க." அவளுக்கு இதில் நம்பிக்கை கிடையாது, எனக்கும் கிடையாது, இந்த ஊர் பேங்கில் ஆபீசராக இருக்கிறவளுக்குப் புளியிலையில் என்ன நம்பிக்கை இருக்கப்போகிறது. ஆனாலும் நான் மென்றேன், நான் மெல்லுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வாடகைக் கார் கோட்டை மேட்டில் முனகிக்கொண்டு ஏறுகிறது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, பாறையிலேயே குடைந்த சமணச் சிலைகள், கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள், ஒன்று ஐந்தாறு ஆள் உயரம் இருக்கும். பலவற்றுக்கு முகம் இல்லை. "படையெடுத்து வந்தவங்க சிதைச்சதாம்பா. பொறவு சிலதைப் பூசிச் சரி பண்ணியிருக்காங்க" என்கிறாள். பூசின முகத்தில் வாயும் பூசித்தான் வைத்திருக்கிறார்கள், அசல் வாய் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும். ஆபரேஷன் அன்று என் வாய்க்குள் அந்தச் சின்ன டாக்டரம்மா என்ன செய்தாள் என்று எனக்கும் தெரியாது. குரல்நாணில் ஒரு கொப்புளம், அதை எடுத்துவிட்டோம், பதினாலு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, குசுகுசுவென்றும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல் என்றாள். பதினைந்தாம் நாள் காலையில் சாதாரணக் குரலில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள் என்றாள். வந்துவிடுமா என்று எழுதிக் காட்டினேன். பெரும்பாலும் வரும் என்றாள். பெரும்பாலும். முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் இருந்தவன் நான், பெரும்பாலும் என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். இன்று பதினேழாவது நாள். நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் மகள் வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்தேன், அப்படியே மூடிவிட்டேன். வெளியே வந்து நோட்டில், டாக்டர் இருபத்தோரு நாள் சொல்லியிருக்கிறார் என்று எழுதி அவளிடம் நீட்டினேன். படித்தாள். "சரிப்பா" என்றாள். நான் அவளிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். கத்தியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை.

குரல் வராமல் போய்விட்டால் என்ன. என்ன, என்னைக் கேஸ் கட்டு சுமக்கச் சொல்வார்கள், ரெக்கார்டு ரூமில் உட்காரவைப்பார்கள், இரண்டு வருஷம் ஓடிவிடும். ஆனால் நான் டவாலி. கேஸ் கட்டை எடுத்ததும் வராந்தாவுக்கு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவன். குரல் என்றால் என் குரல்தான் குரல், இதை நான் சொல்லக்கூடாது, வக்கீல்கள் சொல்வார்கள். வராந்தாவில் நின்று கூப்பிட்டால் வேப்பமரம் தாண்டி, முத்திரைத்தாள் விற்கிறவர் மேஜை தாண்டி, ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் கையில் டம்ளர் ஆடும். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு ஜட்ஜ் ஐயா ஸ்பீக்கர் வைக்கச் சொன்னார், அது எட்டாம் நாள் புகைந்துபோனது, "ஆவுடையப்பன் இருக்கப்ப இது எதுக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை மரத்தைப் பார்த்து, இரண்டாவது தடவை ரோட்டைப் பார்த்து, மூன்றாவது தடவை படிக்கட்டைப் பார்த்து. மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே திரும்பி, ஆஜரில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டு. அந்த ஆஜரில்லையை மட்டும் மெதுவாகச் சொல்வேன். அதிலும் ஒரு பெருமை எனக்கு. டாக்டரம்மா சாதாரணக் குரல் என்கிறாள், அது எது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். வராந்தாவில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல் என்று என்னிடம் இரண்டு இருந்ததில்லை. என் பெண்டாட்டி செண்பகத்திடம் உப்பு கேட்டாலும் தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் உப்பு டப்பாவை என் இலைக்குப் பக்கத்திலேயே வைக்கப் பழகிக்கொண்டாள், அது மரியாதை என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் நின்றுவிட்டது. மேலே காற்று நன்றாக இருக்கிறது, மாசி வெயில் முதுகில் இதமாக விழுகிறது. எதிரே அரண்மனை, மான்சிங் என்கிற ராஜா கட்டினது, ராஜஸ்தான் பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை, இது மத்தியப் பிரதேசம் என்கிறாள். சுவர் முழுக்க நீலமும் பச்சையும் மஞ்சளுமாக ஓடு பதித்திருக்கிறார்கள், அதில் வாத்து. ஒரு ராஜா, இவ்வளவு பெரிய கோட்டை, கீழே நின்று பார்த்தாலே எதிரி திரும்பிப் போய்விடுவான், சுவரில் என்ன போடலாம் என்று கேட்டபோது வாத்து போடு என்று சொல்லியிருக்கிறார். வரிசையாக மஞ்சள் வாத்துகள், ஒன்றின் பின்னால் ஒன்று. வாழைமரமும் உண்டு. வீட்டில் பெண்டுபிள்ளைகள் கேட்டிருப்பார்கள், சரி போட்டுத் தொலை என்றிருப்பார். நான் அப்படி எதற்காவது சரி என்றிருக்கிறேனா. வீட்டுக் கதவுக்கு நீல பெயின்ட் அடிக்கலாம் என்று காந்திமதி ஆறாவது படிக்கும்போது கேட்டாள். கதவு பழுப்பாகத்தான் இருக்கும் என்றேன். அந்தக் கதவு. வேண்டாம், அந்தக் கதவை இப்போது நினைக்க வேண்டாம், வாத்தை எண்ணுவோம், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றோடு நின்றுவிடுகிறது, எதை எண்ணினாலும் எனக்கு மூன்றில் ஒரு நிறுத்தம் வந்துவிடும்.

வீட்டிலும் அதே சட்டம்தான் வைத்திருந்தேன். கூப்பிட்டால் ஓடி வர வேண்டும், நடந்து வரக்கூடாது. மூன்று தடவைக்குள் வர வேண்டும். அவள் பத்தாவது படிக்கும்போது, ஐப்பசி மாசம், ஸ்கூல் மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தாள். பொழுது சாயப்போகிறது, மழை வேறு கூடிவிட்டது. வாசலில் நின்று கூப்பிட்டேன். காந்திமதீ. தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பின உடனே அவள் காலடிச் சத்தம், ஓடித்தான் வந்திருக்கிறாள், மூச்சு வாங்குவதுகூடக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. செண்பகம் தாழ்ப்பாளில் கை வைத்தாள், "மூணு தடவை கூப்பிட்டாச்சு" என்றேன், கையை எடுத்துவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. இதுவரைக்கும் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு, நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். நாற்காலியில் போய் உட்காரவில்லை. அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், திறந்துவிடுவேன், அதற்காகத்தான் நின்றேன். ஒன்றரை மணி நேரம். அவள் கூப்பிடவில்லை, தட்டவும் இல்லை. மழைக்குள் நிற்கிறாள், எனக்கு அவள் பல் கிட்டுவது கேட்கிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். கடைசியில் செண்பகம்தான் என்னைத் தள்ளிவிட்டுத் திறந்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், அவள் என்னிடம் பேசினதையெல்லாம் சேர்த்தால் ஒரு சம்மன் அளவுக்கு வருமா. ம். சரி. வரேன். பேங்க் பரீட்சை எழுதினாள், எந்த ஊர் வேண்டும் என்று விருப்பம் கேட்ட காகிதத்தில் தமிழ்நாட்டை விட்டுவிட்டு எழுதியிருக்கிறாள், அதைச் செண்பகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் குரல் எட்டாத தூரம் எது என்று பார்த்து எழுதியிருக்கிறாள்.

கைடு ஒருத்தர் ஒட்டிக்கொண்டார். ரகுவீர் என்று பெயர் சொன்னார், கழுத்தில் மப்ளர், வாயில் பாக்கு, என் வயது இருக்கும். காந்திமதி அவரோடு இந்தியில் பேரம் பேசுகிறாள், சத்தமாக, கையை ஆட்டிக்கொண்டு, நடுவில் சிரிக்கிறாள். அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது. இந்தியில் அவள் வேறு ஆள். என்னைக் காட்டி என்னவோ சொன்னாள், ரகுவீர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி, கும்பிட்டார். மௌன விரதம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஒருவகையில் விரதம்தான். ஆபரேஷன் என்றதும் அவள் கேட்காமலேயே லீவு போட்டு வந்தாள், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்தாள், பத்தாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள், செண்பகத்துக்கு முட்டுவலி, அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் நாங்கள் இரண்டு பேரும் ஊமைதான். மூன்றாம் நாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே அவளாகப் பேச ஆரம்பித்தாள். நாக்பூர் தாண்டியபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "போன வருஷம் எனக்கு டைபாய்டு வந்துச்சுப்பா. பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேன். உங்ககிட்ட சொல்லல" என்றாள். என் தொண்டைக்குள் ஒரு பெரிய கத்தல் எழும்பியது, ஏன் சொல்லலை, அப்பன் செத்தா போயிட்டேன். வாய் திறந்தேவிட்டது. அதற்குள் டாக்டரம்மா ஞாபகம் வந்து மூடினேன், கத்தல் உள்ளேயே கிடந்து கொஞ்ச நேரம் முட்டிவிட்டு, அடங்கி, வேறு என்னவோ ஆகிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னாள், யார் வந்து பார்த்தார்கள், எந்த நர்ஸ் தலைவாரிவிட்டாள், எல்லாம். நான் கத்தியிருந்தால் டைபாய்டோடு நின்றிருக்கும்.

நேற்று சாயந்திரம் போனை என் காதில் வைத்தாள், அந்தப் பக்கம் செண்பகம். நான் பதில் சொல்ல முடியாது என்பதால் அவளுக்கும் தைரியம் வந்துவிட்டது. "ஏங்க, நீங்க பேசாம இருக்கதுனால பிள்ள பேசுது. இப்படியே இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும், என்ன" என்றாள், சிரித்தாள். கேலிதான், எனக்குத் தெரியும், முப்பது வருஷமாகச் செய்யாத கேலி. ராத்திரி முழுக்க அதையே புரட்டிக்கொண்டு கிடந்தேன். குரல் வராமல் போய்விடுமோ என்பது ஒரு பயம். அது எல்லாருக்கும் தெரிந்த பயம், அதற்குத்தான் அவள் புளியிலை பறித்துத் தருகிறாள். வந்துவிடுமோ என்பது இன்னொன்று. வந்தால் அதே குரல்தானே வரும், வேறு எந்தக் குரல் என்னிடம் இருக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ம் என்பாள், சரி என்பாள். இருபத்தோரு நாள் முடிந்தபிறகு என்ன எழுதிக் காட்டுவேன், முப்பது என்றா, நாற்பது என்றா. வாழ்நாள் முழுக்க வாய்தா வாங்க முடியுமா.

உள்ளே இரண்டு முற்றம். கல்லைத் தேக்குமரம் மாதிரி இழைத்திருக்கிறார்கள், தூணுக்குத் தூண் வேறு வேலைப்பாடு. ஜன்னலுக்குப் பதிலாகக் கல்லிலேயே வலை, ராணிகள் உள்ளேயிருந்து பார்ப்பார்களாம், வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதாம், இங்கே பாட்டுக் கச்சேரி நடக்குமாம். ரகுவீர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு குறுகின வாசலைக் காட்டினார். கீழே இரண்டு தளம் இருக்கிறது, வட்டமான அறைகள், அந்தக் காலத்தில் ராணிகள் வெயிலுக்கு அங்கே இருந்தார்களாம், பிறகு வந்தவர்கள் அதைச் சிறையாக்கிவிட்டார்களாம். எட்டிப் பார்த்தேன். செங்குத்துப் படி, வௌவால் நாற்றம், இருட்டு. "நீங்க வேண்டாம்பா, முட்டி வலிக்கும். நான் பாத்துட்டு வந்திருதேன்" என்றாள். ரகுவீர் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டுபோய் சுவரில் ஓர் ஓட்டையைக் காட்டினார், முஷ்டி போகும் அகலம். காதில் கையை வைத்து, "டெலிபோன், டெலிபோன்" என்றார். கீழே இருக்கிறவர்களோடு பேசுவதற்குச் சுவருக்குள்ளேயே குழாய் மாதிரி விட்டுக் கட்டியிருக்கிறார்களாம். ராணிகளின் டெலிபோன். இங்கே யாரும் வராந்தாவில் நின்று கத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். காந்திமதி அந்த ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இங்கனயே நில்லுங்கப்பா. நான் கீழ போய்க் கூப்பிடுதேன்." ரகுவீர் முன்னால் போக, டார்ச் வெளிச்சம் படியில் இறங்கி, திரும்பி, மறைந்துவிட்டது.

நிற்கிறேன். சுவரில் சாய்ந்து. ஒரு வட இந்தியக் குடும்பம் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறது. எனக்கு மூக்கம்மாள் ஞாபகம் வருகிறது, ஏன் வருகிறது என்று தெரியவில்லை, சும்மா நிற்கும்போதெல்லாம் அவள்தான் வருகிறாள். நிலத் தகராறு, பிரதிவாதி. மூன்று தடவை கூப்பிட்டேன், ஆஜரில்லை, ஒருதலைப்பட்சமாகத் தீர்த்தாயிற்று. ஐந்து நிமிஷம் கழித்து ஓடி வந்தாள், இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில், குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கக் குழாய்க்குப் போயிருக்கிறாள், அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாமே ஐயா" என்றாள். "சட்டம் மூணுதாம்மா" என்றேன், கம்பீரமாக. அவள் போனபிறகு, எதற்கோ, பக்கத்தில் நின்ற இளவட்ட வக்கீலிடம், மூணு தடவை என்று எந்தச் சட்டத்தில் சார் வருகிறது என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அப்படி எங்கயும் எழுதலை ஆவுடையப்பன். வழக்கம்தான். நீங்க முப்பது தடவைகூடக் கூப்பிடலாம்." அது காந்திமதிக்குக் கதவைச் சாத்தி நாலு வருஷம் கழித்து. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. செண்பகம் கேட்டாள், வயிறு சரியில்லை என்று சொன்னேன். அப்படியானால் அதுதான் என் முதல் பொய்.

"அப்பா."

ஓட்டைக்குள்ளிருந்து. எங்கோ கீழே, தரைக்கு அடியிலிருந்து, ஆனால் காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. கத்தவே இல்லை, மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், அதற்காகவே கட்டின ஓட்டை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து காதை வைத்தேன். குளிர்ந்த கல். உள்ளே அவள் மூச்சு வாங்குகிறது, படி இறங்கின மூச்சு, எனக்குத் தெரிந்த மூச்சு, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டதே அது. பதில் தட்டலாம், விரலால் சுவரில் தட்டினால் கேட்குமோ என்னவோ. தட்டவில்லை. அவளும் அன்றைக்குத் தட்டவில்லை. அவள் ஏன் தட்டவில்லை என்று பன்னிரண்டு வருஷமாக யோசிக்கிறேன், திமிர் என்று ஒரே பதில்தான் வைத்திருந்தேன். இப்போது என் கை எழும்ப மாட்டேன் என்கிறது, இது திமிர் இல்லை, எனக்கு நன்றாகத் தெரிகிறது, இது பயம். பதினைந்து வயசுப் பிள்ளை பயந்துபோய் நின்றிருக்கிறது, நான் திமிர் என்று எழுதிக்கொண்டேன்.

"அப்பா, கேக்குதா? டாக்டரம்மாவுக்கு நான் அன்னைக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன். பதினாலு நாள்தானாம். உங்களுக்குத் தோணுறப்ப பேசட்டும்னுதான் சும்மா இருந்தேன்."

தெரியும். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரிப்பா என்றிருக்கிறாள், தெரிந்துகொண்டுதான் புளியிலை பறித்தாள். கூச்சத்தில் காது சுடுகிறது. முப்பத்தொரு வருஷம் எத்தனை பொய்ச்சாட்சி பார்த்தவன், எழுதிக் காட்டின ஒரு பொய்யில் பிடிபட்டு நிற்கிறேன். பேசு, ஆவுடையப்பா, பேசிவிடு. வாயை ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோனேன். என்ன வார்த்தை. காந்திமதி என்றால் அந்தப் பழைய கூப்பாடுதான் வரும், வேண்டாம். வேறு ஒன்று. சின்னதாக ஒன்று.

"அப்பா."

மூன்றாவது தடவை. வாயைத் திறந்து தம் பிடித்தேன், காற்றுதான் வந்தது. வெறும் காற்று, சத்தம் இல்லை. திரும்பவும், காற்று. தொண்டைக்குள் எதுவும் ஒட்டவில்லை, பிடிக்கவில்லை. அவ்வளவுதான், போய்விட்டது. கீழே செருப்புச் சத்தம் கல்லில் நகர்கிறது, அவள் திரும்புகிறாள். நியாயம்தான். மூன்று தடவை கூப்பிட்டாயிற்று, மரத்தைப் பார்த்து, ரோட்டைப் பார்த்து, படிக்கட்டைப் பார்த்து. இனி உள்ளே திரும்பி மெதுவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான், எத்தனை ஆயிரம் பேருக்குச் சொன்னேன், கட்டை மூடி வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன், அவர்கள் எங்கே இப்படி நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்ணை மூடி நெற்றியைக் கல்லில் வைத்துக்கொண்டேன். மழை பெய்கிற மாதிரி இருக்கிறது, இங்கே ஏது மழை, நல்ல வெயில்.

"அப்பா."

நாலாவது தடவை.

நான் யாரையும் நாலாவது தடவை கூப்பிட்டதில்லை. நாலாவது தடவை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, கொஞ்சம் உடைந்து, முன்னைவிட மெதுவாக.

"இருக்கேன்" என்றேன்.

கரகரவென்று, பாதி காற்றும் பாதி சத்தமுமாக, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்காது. வேப்பமரம் வரைக்கும் வேண்டாம், என் இலைக்குப் பக்கத்து உப்பு டப்பா வரைக்கும்கூடப் போயிருக்காது அந்தக் குரல். காதில் விழவில்லை, அவளுக்கு விழவில்லை.

"கேக்குதுப்பா" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஓட்டைக்குள்ளிருந்து தெரியவில்லை. "கத்தாம பேசினா உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?"

எனக்கு எப்படித் தெரியும், நானும் இப்போதுதான் கேட்கிறேன்.

"தெரியலட்டி" என்றேன். கன்னத்தில் வழிந்தது உதட்டில் பட்டு உப்பாக இருந்தது, அதோடு அந்தப் புளிப்பும். கீழே செருப்புச் சத்தம் வேகமாகப் படியை நோக்கி ஓடியது. நான் திரும்பவும் வாயைக் கல்லில் வைத்தேன்.

"ஓடாத. படி வழுக்கும். மெதுவா வா, நான் இங்கனதான் நிக்கேன்."